அந்த ஃபெல்லோஷிப் வேலையா, படிப்பா, உதவித்தொகையா?

கேட்டவர் நியூ ஜெர்சியில் வசிக்கும் ஓர் அம்மா. அவருடைய மகளோடு இசைக் கல்லூரியில் செல்லோ (வயலின் குடும்பத்துப் பெரிய வாத்தியம்) படித்த தோழி ஒரு கறுப்பினப் பெண். தொழிலுக்குப் புதிதாக வரும் கறுப்பின இசைக் கலைஞர்கள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்றே இருக்கும் ரெசிடென்சி ஃபெல்லோஷிப் ஒன்றுக்கு அவள் விண்ணப்பிக்கப் போகிறாள். "இது வேலையா, படிப்பா, உதவித்தொகையா என்றே எங்களுக்குப் பிடிபடவில்லை. ஓர் இனத்தவருக்கென்று ஏன் தனியாக வைத்திருக்கிறார்கள்? என் மகளுக்கும் கற்பிக்க ஆசைதான். தோழியிடம் இதைக் கேட்கத் தயங்குகிறாள்" என்று எழுதியிருக்கிறார்.

நல்ல கேள்வி, தயக்கமும் புரிகிறது. நான் வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா வாசிப்பவன். பதினான்கு ஆண்டுகளாக அமெரிக்கப் பள்ளிகளில் டீச்சிங் ஆர்ட்டிஸ்டாக இருக்கிறேன். இது போன்ற ஃபெல்லோஷிப்புகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவில் இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

டீச்சிங் ஆர்ட்டிஸ்ட் என்பவர் பள்ளியின் முழுநேர இசை ஆசிரியர் இல்லை. அரசுப் பள்ளியில் முழுநேர ஆசிரியருக்கு மாநிலத்தின் ஆசிரியர் உரிமம் வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம், விடுப்பு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. டீச்சிங் ஆர்ட்டிஸ்ட் மேடையில் வாசித்துக்கொண்டே கற்பிக்கவும் செய்கிறவர். பெரும்பாலும் ஒரு கலை அமைப்பு அவரைப் பள்ளிகளுக்கு அனுப்பி வைக்கும். இந்தப் பெயர் 1970-களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் லிங்கன் சென்டர் என்ற கலை மையத்தில் புழக்கத்துக்கு வந்தது. 1975-இல் நியூயார்க் நகரம் கிட்டத்தட்ட திவாலாகிப் போனபோது ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அவர்களில் இசை, ஓவிய ஆசிரியர்கள் ஏராளம். அந்த வெற்றிடத்துக்குள் வெளியிலிருந்து கலைஞர்களை அனுப்பும் அமைப்புகள் நுழைந்தன. அன்று இட்டு நிரப்பிய ஏற்பாடு இன்று ஒரு தொழிலாகவே நிலைத்துவிட்டது. ஆனால் அந்தத் தொழிலுக்கு வேண்டிய பாதுகாப்பு மட்டும் கூடவே வரவில்லை. எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

'ரெசிடென்சி' என்ற சொல்லிலும் குழப்பம் இருக்கிறது. எழுத்தாளர்களும் ஓவியர்களும் போவது போல, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்துச் சொந்த வேலையைச் செய்யவிடுவது ஒரு வகை. பள்ளி வட்டாரத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள்: ஒரே கலைஞர் ஒரே பள்ளிக்குப் பத்து வாரமோ ஓராண்டோ விடாமல் போய்வருவது. நீங்கள் சொல்லும் ஃபெல்லோஷிப் இரண்டும் கலந்ததாகத்தான் இருக்கும். ஊர் மாறிப் போய், ஓராண்டோ ஈராண்டோ அங்கேயே குடியிருந்து, அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து கற்பிப்பது.

சரி, வேலையா, படிப்பா, உதவித்தொகையா? மூன்றும்தான். வகுப்பு எடுப்பதால் வேலை. ஒரு மூத்த கலைஞர் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்து, பிறகு பேசி, திருத்துவதால் படிப்பு. வகுப்புக் கணக்குப் பார்க்காமல் மாதாமாதம் ஒரு தொகை வருவதால் உதவித்தொகை. இந்த மூன்றையும் சேர்த்துத் தருவதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. கார்னகி ஹால் என்ற புகழ்பெற்ற கச்சேரி மண்டபமும் ஜூலியார்ட் இசைப் பள்ளியும் நியூயார்க் நகரக் கல்வித் துறையோடு சேர்ந்து 2007-இல் தொடங்கிய திட்டம் இன்று ஆன்சாம்பிள் கனெக்ட் என்ற பெயரில் நடக்கிறது. இளம் இசைக்கலைஞர்கள் இரண்டாண்டு மேடையிலும் அரசுப் பள்ளிகளிலும் மாறி மாறி வேலை செய்கிறார்கள். ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் செபாஸ்டியன் ரூத் 1997-இல் தொடங்கிய கம்யூனிட்டி மியூசிக்வொர்க்ஸ் இன்னொரு வகை. அங்கே ஒரு நால்வர் குழு வசதி குறைந்த பகுதி ஒன்றிலேயே வேர் பிடித்து, அங்கேயே கச்சேரி, அங்கேயே பாடம் என்று வாழ்ந்து காட்டியது. அவர்களும் இரண்டாண்டு ஃபெல்லோஷிப் நடத்தியிருக்கிறார்கள். இந்த இரண்டும் எல்லா இனத்தவருக்கும் பொதுவானவை. உங்கள் மகள் இந்த வகையைத் தேடலாம், அதற்குப் பிறகு வருகிறேன்.

'தொழிலுக்குப் புதியவர்' என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறார்கள் என்பதைக் கணக்கோடு பார்த்தால்தான் விளங்கும். ஒரு வகுப்புக்கு 75 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்குப் பன்னிரண்டு வகுப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம். பள்ளிக்கூடத்து விடுமுறைகள் போக ஆண்டில் முப்பது வாரம் என்றால் 27,000 டாலர். அது கைக்கு அப்படியே வராது. பெரும்பாலானவர்களுக்கு அமைப்பு கொடுப்பது 1099 படிவம், அதாவது நீங்கள் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர். ஊழியராக இருந்தால் சோஷியல் செக்யூரிட்டி (முதுமைக்கால ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியில் பாதியை முதலாளி கட்டுவார். ஒப்பந்தக்காரர் இரண்டு பாதியையும் தானே கட்ட வேண்டும், 15.3 சதவீதம். அந்த 27,000-இல் சுமார் 3,800 டாலர் வருமான வரிக்கு முன்னாலேயே போய்விடும். அப்புறம் கார், பெட்ரோல், வாடகை. ஒரு பள்ளியிலிருந்து அடுத்த பள்ளிக்கு ஓட்டும் நேரத்துக்கும் பாடம் தயாரிக்கும் நேரத்துக்கும் யாரும் காசு தருவதில்லை.

என் மூன்றாம் ஆண்டில் பிப்ரவரி மாதம் முழுக்கப் பனி. பள்ளி மூடியிருந்த நாட்களுக்கு, நான் வேலை பார்த்த அமைப்பு ஒரு டாலர்கூடத் தரவில்லை. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது, நான்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த மாத வாடகையைக் கல்யாண வீட்டில் வாசித்துத்தான் கட்டினேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த நாட்டில் பொதுவாகப் பிள்ளைகள் 26 வயது வரைதான் பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் இருக்கலாம். இசையில் முதுகலை முடிக்கும்போது வயது 24, 25 ஆகிவிடும். கற்பிக்கும் கைப்பக்குவம் கூடி வரத் தொடங்கும் நேரமும் காப்பீடு கைவிட்டுப் போகும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. அந்த இரண்டு மூன்று ஆண்டைத் தாண்ட வீட்டிலிருந்து கைகொடுக்க ஆள் இருப்பவர்கள் தாண்டிவிடுகிறார்கள். இல்லாதவர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள். திறமையை வைத்து இங்கே யாரும் வடிகட்டப்படுவதில்லை, வீட்டுச் சேமிப்பை வைத்துத்தான். அமெரிக்காவில் வெள்ளையர் குடும்பங்களின் சேமிப்புக்கும் கறுப்பினக் குடும்பங்களின் சேமிப்புக்கும் எவ்வளவு தூரம் என்பது உங்களுக்குத் தெரியாதது இல்லை.

இனி, ஏன் தனியாக என்பது. இதற்கு நான் ஒரு கதையிலிருந்துதான் தொடங்குவேன், நடந்த கதை. ஜான் தாமஸ் டக்ளஸ் என்று ஒரு கறுப்பின வயலின் கலைஞர் இருந்தார். பிறந்தது 1847-இல். ஐரோப்பா போய்ப் படித்துவிட்டு வந்தவர். அவ்வளவு படித்தும் நிறத்தின் காரணமாக நியூயார்க்கில் எந்த சிம்பனி இசைக்குழுவும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கிடைத்த இடத்தில் வாசித்தார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்படி அவரிடம் கற்ற ஒரு வெள்ளைக்காரச் சிறுவன்தான் டேவிட் மேனஸ். அந்தச் சிறுவன் வளர்ந்து நியூயார்க் சிம்பனியின் முதல் வயலின் கலைஞர் ஆனார். ஆசிரியருக்கு உள்ளே போக முடியாத இடத்தில் மாணவர் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார். மேனஸ் அதை மறக்கவில்லை. 1911-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஓர் இசைப் பள்ளி தொடங்கப்பட முன்னின்றார்.

அந்தப் பள்ளிக்கு நிதி திரட்டத்தான் 1912 மே 2 அன்று கார்னகி ஹாலில் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்ற கறுப்பின இசைக்குழுத் தலைவர் தன் கிளெஃப் கிளப் இசைக்குழுவை மேடையேற்றினார். நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினக் கலைஞர்கள். மாண்டலின், பாஞ்சோ, கிட்டார், வரிசையாகப் பியானோக்கள். அந்த மண்டபத்தில் அதற்கு முன் யாரும் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. அமெரிக்க இசை வரலாற்றில் அந்த இரவைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த இரவு எதற்காக நடந்தது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்துக்காக, பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களின் சம்பளத்துக்காக. 1914-இல் அதன் இயக்குநராக வந்தவர் ஜே. ரோசமண்ட் ஜான்சன். கறுப்பின மக்கள் தங்கள் தேசிய கீதம் போலப் பாடும் பாடலுக்கு மெட்டமைத்தவர் அவர்தான். மேடையில் பெயர் பெற்றவர், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்து உட்கார்ந்தார். டீச்சிங் ஆர்ட்டிஸ்ட் என்ற சொல் பிறக்க இன்னும் அறுபது ஆண்டு இருந்தது.

இதேபோல் சிகாகோவில் வால்டர் டயட். எல்லாரும் 'கேப்டன் டயட்' என்பார்கள், ராணுவப் பிரிவு ஒன்றின் பேண்டை நடத்தியவர். முதலில் வெண்டெல் ஃபிலிப்ஸ் உயர்நிலைப் பள்ளி, பிறகு 1935-இல் திறந்த டுசாபல் உயர்நிலைப் பள்ளி. அவரிடம் படித்தவர்களில் நாட் கிங் கோல் உண்டு, டைனா வாஷிங்டன் உண்டு, சாக்ஸபோன் கலைஞர்கள் ஜீன் அமன்ஸும் ஜானி கிரிஃபினும் உண்டு. எல்லாம் ஓர் அரசுப் பள்ளியின் பேண்ட் அறையிலிருந்து வந்தவர்கள். 1964-இல் ஹார்லெமில் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் சிறு பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவர் டாரதி மேனர், நாடறிந்த சோப்ரானோ (உச்சக் குரல்) பாடகி. அது இன்று ஹார்லெம் ஸ்கூல் ஆஃப் தி ஆர்ட்ஸ். ஆக, கறுப்பினக் கலைஞர் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது அமெரிக்காவில் புதிய விஷயமே இல்லை. ஆழமாக வேர்விட்ட மரபு அது.

அந்த மரபு எங்கே அறுந்தது என்று கேட்டால், வேதனையான பதில் வருகிறது. 1954-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று தீர்ப்பளித்தது. மகத்தான தீர்ப்பு. ஆனால் தென் மாநிலங்கள் அதை எப்படி நிறைவேற்றின? பிள்ளைகளைச் சேர்த்தார்கள், கறுப்பினப் பள்ளிகளை மூடினார்கள், அங்கிருந்த ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த பதினோரு ஆண்டில் பதினேழு மாநிலங்களில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வழக்கு தொடங்கிய கான்சாஸ் மாநில டொபீகா நகரிலேயே, தீர்ப்பு வருவதற்கு ஓராண்டு முன்னால், 1953 மார்ச்சில், பள்ளிக் கண்காணிப்பாளர் கறுப்பின ஆசிரியை ஒருவருக்குக் கடிதம் எழுதினார். பிரிவினை ஒழிந்தால் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு நீங்கள் பாடம் எடுப்பதை ஊரில் பலர் விரும்ப மாட்டார்கள், எனவே அடுத்த ஆண்டு உங்களுக்கு வேலை இருக்குமா என்று சொல்ல முடியாது என்பது அதன் சாரம். வேலை இழந்தவர்களில் பேண்ட் மாஸ்டர்களும் கோரஸ் நடத்தியவர்களும் அடக்கம். ஊரில் மூன்று தலைமுறைக்கு வாத்தியம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த ஆள் போனால், அவரோடு போவது ஒரு சம்பளம் மட்டுமா?

அதன் தழும்பு இன்றும் எண்ணிக்கையில் தெரிகிறது. 2007 முதல் 2012 வரை இசை ஆசிரியர் உரிமத் தேர்வு எழுதியவர்களில் சுமார் 86 சதவீதம் வெள்ளையர், 7 சதவீதம்தான் கறுப்பினத்தவர். சிம்பனி இசைக்குழுக்களில் நிலைமை இன்னும் மோசம். 2016-இல் வந்த ஆய்வில் கறுப்பினக் கலைஞர்கள் 1.8 சதவீதம், 2023-இல் 2.4 சதவீதம். அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் ஏறக்குறைய 15 சதவீதம். இதில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் ஆய்வு ஒன்று உண்டு. வட கரோலினாவில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் ஒரே ஒரு கறுப்பின ஆசிரியரிடம் படித்திருந்தால்கூட, மிக வறிய வீட்டுக் கறுப்பினச் சிறுவர்கள் பள்ளியை விட்டு நிற்பது 39 சதவீதம் குறைந்தது. ஒரே ஒரு ஆசிரியர். ஒரே ஒரு ஆண்டு.

இது கேட்பதற்குப் புள்ளிவிவரம். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு குளிர்காலப் பிற்பகல், நான்காம் வகுப்பு, இருபத்திரண்டு பிள்ளைகள். ஃபெல்லோ, அதாவது ஃபெல்லோஷிப்பில் வந்தவர், ஒரு செல்லோ கலைஞர், கறுப்பின இளைஞர். நான் பின்வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தேன். அன்று அவர் செல்லோவை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தொடையில் தட்டத் தொடங்கினார். உள்ளங்கை தொடையை உரசி மேலே போகும்போது ஒரு சத்தம், மார்பில் ஒரு சத்தம், புறங்கை தொடையில் இறங்கும்போது ஒரு சத்தம். ஒரு சுற்றுக்கு மூன்று. மெதுவாக, பிறகு வேகமாக. இதற்கு ஹாம்போன் என்று பெயர்.

பிள்ளைகள் முயன்றார்கள். பலருக்கு மூன்றாவது சத்தம் விழவில்லை. முன்வரிசையில் ஒரு சிறுவன், அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவன், தலையைக் குனிந்தபடி அப்படியே பிசகாமல் தட்டினான். ஃபெல்லோ நிறுத்தி, "எங்கே கற்றாய்?" என்றார். "எங்கள் பாட்டி செய்வார், அடுப்படியில்" என்றான். "அப்படியானால் இன்றைக்கு நீதான் ஆசிரியர், இங்கே வா" என்று தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகுதான் வரலாற்றைச் சொன்னார், ஒன்பது வயதுக்கு ஏற்றபடி. 1739-இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முரசு கொட்டிக் கிளர்ந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே ஒரு சட்டம் வந்தது. அடிமைகள் முரசும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது. முரசைப் பிடுங்கிவிட்டார்கள், உடம்பைப் பிடுங்க முடியவில்லை. தொடையும் மார்பும் முரசாயின. அந்தத் தாளம்தான் இந்தப் பையனின் பாட்டி வரை வந்திருக்கிறது. அடுத்த வாரம் அதே மூன்று சத்தத்தைச் செல்லோவின் நரம்பை விரலால் சுண்டி வாசிக்கவைத்தார். தாளம் ஏற்கெனவே உடம்பில் இருந்ததால் பிள்ளைகள் பத்தே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

நானும் ஹாம்போன் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் ரசித்தார்கள். ஆனால் அந்தச் சிறுவன் என்னிடம் பாட்டியைப் பற்றிச் சொல்லியிருப்பானா? சொல்லியிருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். இதை எந்த வருத்தமும் இல்லாமல் சொல்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் என்றாவது ஒரு நாள் தன் வீட்டு அடுப்படியும் இசைதான் என்று சொல்லும் ஒருவர், தன் வீட்டைப் போன்ற வீட்டிலிருந்து வந்தவராகக் கிடைக்க வேண்டும். என் பிள்ளைக்கும் உங்கள் பிள்ளைக்கும் நாம் அதைத்தான் தேடுகிறோம், வார இறுதியில் ஐம்பது மைல் ஓட்டிப் போய் மிருதங்க வகுப்பில் விடுகிறோமே, அது வேறென்ன?

ஃபெல்லோவின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். இசைக் கல்லூரியில் அவர் துறையிலேயே ஒரே கறுப்பினர், முதல் வேலையிலும் ஒரே கறுப்பினர். பள்ளிக்குப் போனால் காவலாளி இவரை மட்டும் இரண்டாம் முறை அடையாள அட்டை கேட்பார். பிப்ரவரியில் கறுப்பின வரலாற்று மாதம் வந்தால் எல்லா நிகழ்ச்சியும் இவர் தலையில். இதையெல்லாம் விளக்கத் தேவையில்லாத மூன்று நான்கு பேரோடு ஒரே ஆண்டைக் கழிப்பது பெரிய பலம். 1993-இல் ஆர்மென்டா ஹம்மிங்ஸ் டுமிசானி என்ற பியானோ கலைஞர் கேட்வேஸ் இசைவிழாவைத் தொடங்கியதும் இந்தத் தனிமையைப் போக்கத்தான். அந்த விழாவின் இசைக்குழு 2022 ஏப்ரலில் கார்னகி ஹாலில் வாசித்தது. உதவித்தொகையும் புதிதல்ல. 1928 முதல் 1948 வரை ரோசன்வால்ட் நிதியம் கறுப்பினக் கலைஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் ஃபெல்லோஷிப் வழங்கியது. பாடகி மரியன் ஆண்டர்சன் அந்தப் பணத்தில்தான் ஜெர்மனி போய்ப் படித்தார்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இன்று இது ஆபத்தான நிலையில் இருக்கிறது. அட்லாண்டாவில் கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் நிதி கொடுத்துவந்த ஃபியர்லெஸ் ஃபண்ட் மீது 2023-இல் வழக்குப் போட்டார்கள். ஒப்பந்தம் செய்வதில் இனப் பாகுபாடு கூடாது என்னும் 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இது தவறு என்பது வாதம். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிதி வழங்குவதைத் தடுத்தது, செப்டம்பரில் சமரசமாகி அந்தத் திட்டம் மூடப்பட்டது. அந்த 1866 சட்டம் யாருக்காக வந்தது தெரியுமா? அப்போதுதான் அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் ஒப்பந்தம் செய்யவும் சொத்து வாங்கவும் உரிமை பெறுவதற்காக. அந்தச் சட்டத்தை வைத்தே அவர்களுடைய பேத்திகளுக்கான உதவியை நிறுத்தினார்கள் என்று படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அதற்குப் பிறகு பல அமைப்புகள் விதிமுறை வாசகத்தை மாற்றிக்கொண்டிருக்கின்றன. 'கறுப்பினத்தவர் மட்டும்' என்று இருந்த இடத்தில் 'கறுப்பின இசை மரபுகளில் ஊன்றிக் கற்பிப்பவர்கள்' என்பது போல வரும். எனவே அறிவிப்பின் தலைப்பை மட்டும் பார்க்காமல் தகுதி என்ற பகுதியை உங்கள் மகளும் ஒருமுறை படிக்கட்டும். சட்டப்படி அவளும் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கலாம். விண்ணப்பிக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. நானாக இருந்தால் அந்த இடத்தைத் தோழிக்கு விட்டுவிட்டு, மேலே சொன்ன பொதுவான திட்டங்களுக்குப் போவேன். நிதியும் இறுகியிருக்கிறது. 2025 மே மாதத் தொடக்கத்தில், கலைகளுக்கு மானியம் தரும் அரசு அமைப்பான தேசியக் கலை நிதியம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட பல மானியங்களை ஒரு மின்னஞ்சலில் ரத்து செய்தது. அதனால் தோழி கேட்க வேண்டிய முதல் கேள்வி: இரண்டாம் ஆண்டுக்கான பணம் கையில் இருக்கிறதா, வரும் என்ற நம்பிக்கையா?

மற்ற கேள்விகளும் இதே மாதிரி நேரடியானவைதான். தொகை சம்பளமாக வருகிறதா, வரி பிடிக்காத உதவித்தொகையாக வருகிறதா? வரி பிடிக்கவில்லை என்றால் ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என நான்கு தவணையாக அவளே கட்ட வேண்டும். முதல் ஆண்டில் இதில் சறுக்காதவர்களை நான் பார்த்ததில்லை. மருத்துவக் காப்பீடு உண்டா? வாரத்துக்கு எத்தனை வகுப்பு? என் அனுபவத்தில் பதினைந்தைத் தாண்டினால் அது ஃபெல்லோஷிப் இல்லை, மலிவான வேலைக்கு ஆள் பிடிப்பது. சொந்தமாகச் சாதகம் செய்யவும் வாசிக்கவும் நேரம் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதா? மென்டர் (வழிகாட்டி) என்று போட்டிருப்பவர் வகுப்புக்கு வந்து பார்ப்பாரா, மாதம் ஒரு போன் மட்டும்தானா? பள்ளிக்குள் போகும் முன் எடுக்கும் விரல்ரேகைப் பரிசோதனைக்குச் சில வாரம் பிடிக்கும், அந்த வாரங்களுக்குப் பணம் உண்டா? முன்பு இருந்த ஃபெல்லோக்கள் இரண்டு பேரிடம் பேச வழி கேட்கட்டும். தர மறுத்தால் அதுவே பதில்.

தகுதியில் முதுகலைப் பட்டம் கட்டாயம் என்று போடும் திட்டங்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. கறுப்பினக் கலைஞர்களில் மிகச் சிறந்த ஆசிரியர்கள் பலர் தேவாலயத்தில் உருவானவர்கள். பன்னிரண்டு வயதில் ஹாமண்ட் என்ற மின்சார ஆர்கன் முன்னால் உட்கார்ந்து, பாடுபவர் எந்தச் சுருதிக்குத் தாவினாலும் பின்தொடரக் கற்றவர்கள். காதால் கேட்டு நாற்பது பேருக்கு மூன்று குரலைப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கும் வித்தை அவர்களுக்கு இயல்பு. அவர்களைப் பட்டம் இல்லை என்று வாசலிலேயே நிறுத்தினால் இந்தத் திட்டத்துக்கே பொருள் குறைகிறது.

கடைசியாக விண்ணப்பம். கட்டுரையைவிட, கற்பிக்கும் வீடியோவுக்குத்தான் குழுவில் அதிக நேரம் செலவாகும். தோழியிடம் சொல்லுங்கள், அதை வெட்டி ஒட்டி அழகுபடுத்த வேண்டாம். நான் குழுவில் இருந்தபோது வந்த ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏழெட்டு நிமிடம், கைபேசியில் எடுத்தது, வெளிச்சம்கூடச் சரியில்லை. விண்ணப்பித்த பெண் ஒரு சிறுமிக்கு வயலின் வில் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். வில் நழுவி விழுகிறது. சிறுமி நிமிர்ந்து பார்க்கிறாள், திட்டு விழும் என்று. இவள் தன் வில்லையும் தரையில் போட்டுவிட்டு, "சரி, முதலில் எப்படி எடுப்பது என்று பார்ப்போம்" என்று கூடவே குனிகிறாள். மேசையைச் சுற்றி இருந்த ஐந்து பேரும் அதற்குப் பிறகு அதிகம் விவாதிக்கவில்லை.